மறித்து ஆடுகிறவன்

"நான் விடப்போறன், சிஸ்டர்."

"எதை?"

"விளையாட்டை. இண்டையோட."

சிஸ்டர் பெனிட்டா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். படுத்தபடியே குடிப்பதற்கு மூக்கு வைத்த கோப்பைகள். ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"சாப்பிட்டாச்சா?"

"நான் என்ன சொல்லுறன், நீங்கள் என்ன கேக்கிறீங்கள்?"

"வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான் பேச்சு வரும்."

ஜெரோம் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றான். தலையை மூடியிருந்த தொப்பியை இன்னும் கழற்றவில்லை. தெருவில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று போட்டு வந்தது.

ஜெர்மனியின் வடக்கே ஒரு சின்ன ஊர் அது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் கைவிட்டவர்கள் வந்து படுக்கிற வீடு ஒன்று அங்கே உண்டு. கன்னியாஸ்திரீகள் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் சிஸ்டர் பெனிட்டா. தென்கோடிக் கடற்கரை ஊரான உவரிக்காரர்.

ஜெரோம் குருநகரிலிருந்து டென்மார்க் போய்க் குடியேறினவர்களின் பிள்ளை. பந்து விளையாடுவதுதான் அவனுக்குத் தொழில். கோல் போடுகிற ஆள் இல்லை. கோல் விழாமல் மறிக்கிற ஆள். வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது.

சிஸ்டர் அவனைவிட இளையவர். இருந்தாலும் மனசு தாங்காதபோது அவன் இங்கேதான் வருவான். சிஸ்டர் நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள், "கடவுள் ஏன் என்னை விளையாட விடாமல் வெளியில இருத்தி வச்சிருக்கிறார்?" என்று கேட்டான். அவர் ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். உரித்து முடித்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு நல்ல தூக்கம்.

ஆனால் இன்றைக்கு அவன் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

"போன கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியுமோ?"

"சமையல்கார அம்மா சொன்னாங்க. ரொம்பத் திட்டினாங்க."

"என்னையோ?"

"உங்களைத்தான். நீங்க இங்க வந்து போற ஆளுன்னு தெரிஞ்சதும் மன்னிப்புக் கேட்டாங்க. அப்புறம் மறுபடியும் திட்டினாங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பந்து எனக்குப் பின்னால விழுந்தது, சிஸ்டர். மற்றப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் முதலே எனக்குப் பின்னால நிண்டவன். அப்பிடி நிண்டால் அது பிழை. கோல் போட்டாலும் செல்லாது. நான் கையைத் தூக்கினன்."

"எதுக்கு?"

"கோட்டோரம் கொடியோட நிப்பாரே, அவருக்குக் காட்ட. இது பிழை, கொடியைத் தூக்கு எண்டு. மறிக்கிற ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். சின்னனில இருந்து வந்த பழக்கம்."

"தூக்கினாரா?"

"இல்லை. நான் கையைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நிண்டன். பெடியன் போய்ப் போட்டிட்டான்."

"கையைத் தூக்கிக்கிட்டே ஓட முடியாதா?"

ஜெரோம் தொப்பியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஓடலாம்," என்றான் பிறகு. "ஆனா கை மேல போனால் கால் நிண்டிடும், சிஸ்டர். எனக்கு மட்டுமில்லை. எல்லாருக்கும்."

அந்த ஒரு கோலால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஊரே செத்த வீடு மாதிரி ஆனது. இன்று மதியம் இரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம். வென்றாலும் தோற்றாலும் இறங்கினது இறங்கினதுதான். மறிக்கிற ஆட்களில் இரண்டு பேருக்குக் காலில் அடி. அதனால் கோச் ஜெரோமின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"சனம் முழுக்க விசிலடிக்கும். நான் பந்தைத் தொடுற நேரமெல்லாம் அடிக்கும். நான் போகேல்லை."

"சரி."

"சரியோ?"

"போகலைன்னுதானே சொல்றீங்க?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்குள்ளிருந்து பேச்சு வந்தது.

"எத்தினை நாடு, சிஸ்டர். டென்மார்க், சுவீடன், பெல்ஜியம், போர்த்துக்கல், சைப்பிரஸ். இப்ப இங்க. ஒரு இடத்திலயும் வேர் பிடிக்கேல்லை. அப்பா சாகேக்க நான் சைப்பிரஸில ஓடிக்கொண்டிருந்தனான். போற இடத்தில எல்லாம் முதல்ல நாலு சொல்லுப் படிப்பன். ஏறு. இறங்கு. விடு. பின்னால ஆள் நிக்குது. விளையாடுறதுக்கு அது காணும்."

சிஸ்டர் குழாயை மூடினார்.

"மகள் போர்த்துக்கல்லில தாயோட இருக்கிறாள். போன மாசம் போனில அழுதவள். பள்ளிக்கூடத்தில என்னவோ நடந்திட்டுது. அழ அழ அந்தப் பாஷையில கடகடவெண்டு சொல்லுறாள். எனக்கு அதில 'பின்னால ஆள் நிக்குது' எண்டு மட்டும்தான் வடிவாச் சொல்லத் தெரியும்."

"சொன்னீங்களா?"

"எதை?"

"அதைத்தான்."

"சொன்னன். சிரிச்சவள். பிறகு திரும்பவும் அழத் தொடங்கிட்டாள்."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

"செபம் பண்றீங்களா?"

"விட்டிட்டன். எத்தினை தரம் கையைத் தூக்கிறது? மேல ஒருத்தரும் கொடி தூக்கினதாத் தெரியேல்லை."

சிஸ்டர் கை துடைத்த துணியை மடித்து வைத்தார். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"எனக்கு ஒண்டு சொல்லுங்கோ," என்றான் ஜெரோம். "கோல் போட்டவனுக்குப் பேர் இருக்கு. படம் இருக்கு. டிவியில திருப்பித் திருப்பிக் காட்டுவினம். மறிச்சவனை எப்ப காட்டுவினம் தெரியுமோ? அவன் பிழை விட்டால். நான் மறிச்சதை எல்லாம் ஒருத்தரும் காணேல்லை. காண என்ன இருக்கு, நடக்காத ஒண்டை? எவ்வளவு மறிச்சாலும் ஒருநாள் உள்ள போயிடும். எப்பிடியும் உள்ள போறதெண்டால், பிறகு என்னத்துக்கு மறிக்கிறது?"

சிஸ்டர் அடுப்பிலிருந்த வெந்நீரை ஒரு பேசினில் ஊற்றினார்.

"வாங்க. ஒருத்தரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். ஆகாத்தா சிஸ்டருக்குக் காய்ச்சல். நான் ஒருத்தியா அவரைத் தூக்க முடியாது."

"நான் உங்களிட்ட ஒண்டு கேட்டனான்."

"கேட்டீங்க. அந்தத் துவாலையை எடுத்துக்கிடுங்க."

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் கிடந்தார். ஓல்ரிக் என்று பெயர். முன்னே இறைச்சிக் கடை வைத்திருந்தவர். வற்றிப்போயும் பாரமான உடம்பு. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு ஒன்று வரும். அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வரும்.

நடக்க முடியாதவர்களை அந்த வீட்டில் இரவும் பகலும் மாற்றி மாற்றிப் பக்கம் திருப்புவார்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் வெந்து புண் வந்துவிடும். பிறகு அது ஆறாது.

"தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை," என்றார் சிஸ்டர். "உங்க பக்கமா மெதுவா இழுங்க. நெஞ்சோட சாய்ச்சுக்கிடுங்க."

ஜெரோம் இழுத்துச் சாய்த்துக்கொண்டான். பெரியவரின் தலை அவன் நெஞ்சில் இருந்தது. சோப்பு வாசமும் மருந்து வாசமும் வந்தன.

சிஸ்டர் சட்டையின் பின்பக்க முடிச்சை அவிழ்த்தார். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தோளிலிருந்து கீழே துடைத்துக்கொண்டு வந்தார். அவசரமே இல்லை.

"எட்டிப் பாருங்க."

"என்னத்தை?"

"முதுகை."

பெரியவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஒண்டும் இல்லை, சிஸ்டர்."

"ஏழு மாசம்," என்றார் சிஸ்டர்.

அவன் மறுபடியும் பார்த்தான். வெளுத்த அகலமான முதுகு. ஒரு மச்சம். வேறு ஒன்றுமே இல்லை.

"இவரின்ர வீட்டு ஆக்கள் ஆரும் இதைக் கண்டவையோ?"

"மகன் வருவாரு. முகத்தைப் பார்ப்பாரு. போவாரு."

"டொக்டர்?"

"புண்ணு இருந்தா பார்ப்பாரு."

ஜெரோம் அந்த முதுகிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபமாகக் கேட்டான்.

"இவருக்கு இன்னும் எத்தினை நாளாம்?"

"இன்னைக்குத் தாண்டாதுன்னாங்க."

"அப்ப நீங்களும் தோத்திட்டீங்கள்."

"இந்த வீட்ல ஒருத்தரைக்கூட நான் நடக்க வச்சு அனுப்பினதில்ல."

"பிறகு எப்பிடி ஒவ்வொரு நாளும் எழும்பி வாறீங்கள்?"

"இடுப்பைச் சேத்துப் பிடிங்க. சரியுது."

அவன் சேர்த்துப் பிடித்தான். சிஸ்டர் துணியை நனைக்கப் பேசின் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் பெரியவரின் உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. வாய் திறந்தது. உள்ளே போன மூச்சு திரும்பி வரவில்லை.

"சிஸ்டர்!"

ஜெரோமின் வலது கை தானாக மேலே போய்விட்டது. உயரத் தூக்கிய கையோடு சிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிடி விட்ட பக்கமாகப் பெரியவர் கட்டில் விளிம்புக்குச் சரிந்தார்.

"கையை இறக்குங்க," என்றார் சிஸ்டர். சத்தம் போடவில்லை. "ஆளைப் பிடிங்க."

இரண்டு கையாலும் வாரிப் பிடித்தான். முட்டியைக் கட்டிலில் ஊன்றி, முழுப் பாரத்தையும் தன் மேல் வாங்கினான். நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்து அவன் கழுத்தில் பட்டது. அடுத்ததுக்குக் காத்திருந்தான்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தான்.

சிஸ்டர் சுற்றி வந்து பெரியவரின் கண்களை மூடினார். நெற்றியில் சிலுவை வரைந்தார். "ஆண்டவரே, இவரு பேரு ஓல்ரிக். ஏத்துக்கிடுங்க," என்று தமிழிலேயே சொன்னார். பிறகு போய் ஜன்னலைத் திறந்து வைத்தார். அந்த ஊரில் ஒரு உயிர் போனால் அப்படித்தான் செய்வார்கள்.

ஜெரோம் பிடித்த பிடியிலேயே இருந்தான்.

"போயிட்டார்."

"ஆமா, போயிட்டாரு."

"நான் பிடிச்சுக்கொண்டிருக்கேக்கயே போயிட்டார்."

"உங்க கையிலதான் போனாரு."

அவன் அழுதான். பெரியவரின் தலைக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அது ஓல்ரிக்குக்காக மட்டும் வந்த அழுகை இல்லை. சிஸ்டர் தடுக்கவில்லை. தானும் ஓரமாக நின்று செபமாலையில் பத்து மணிகளை உருட்டிச் செபம் சொல்லி முடித்தார்.

பிறகு ஆறிப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டு, சமையலறைக்குப் போய்ப் புதிதாக வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தார். புதுத் துணி ஒன்றை எடுத்துப் போட்டார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"ஒரு பக்கம்தானே துடைச்சிருக்கோம். மத்தப் பக்கம் பாக்கி இருக்கு."

ஜெரோம் நம்ப முடியாமல் அவரைப் பார்த்தான்.

"எல்லாம் முடிஞ்சுது, சிஸ்டர். ஆளே இல்லை. இனி ஆருக்கு?"

சிஸ்டர் கைச்சட்டையைச் சுருட்டிவிட்டு முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சுடுது," என்றார். "கொஞ்சம் பச்சத்தண்ணி விடுங்க."

அவன் அப்படியே இருந்தான். சிஸ்டர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முழங்கையில் சிவந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்.

பெரியவரை மெல்லத் தலையணையில் கிடத்திவிட்டு எழுந்தான். மூலையில் குழாய் இருந்தது. ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்து பேசினில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். தன் முழங்கையையும் வைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் விட்டான்.

"காணுமோ?"

"இப்ப சரி."

திறந்த ஜன்னலுக்குக் கீழே தெருவில் ஆட்கள் நடந்து போனார்கள். கழுத்தில் கிளப்பின் பச்சை மஃப்ளர். பாட்டு இல்லை, சத்தம் இல்லை. ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். எல்லாரும் மைதானத்தின் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜெரோம் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். கட்டிலருகே வந்து, தோளுக்கு ஒரு கையும் இடுப்புக்கு ஒரு கையும் கொடுத்தான்.

"சிஸ்டர், எனக்கு ரெண்டு மணிக்கு மட்ச் இருக்கு."

"தெரியும்," என்றார் சிஸ்டர். "திருப்புங்க."