காலி டிஸ்க்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோ. மேனேஜர் துரைப்பாண்டி ஒரு கல்யாணப் படத்தை எடிட் செய்யாமலே நாளைக் கடத்திவிட்டு, பெண் வீட்டார் வந்து நின்றதும் பழியைத் தூக்கி எடுபிடி மங்களேஸ்வரி தலையில் போட்டார். தாமே லினக்ஸ் கம்ப்யூட்டரில் பதிந்த டிஸ்க்கை முதலாளி முன்னால் விண்டோஸில் செருகினார். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்டது அது.

“பாருங்க முதலாளி, எல்லாத்தையும் அழிச்சுட்டா. டிஸ்க் காலி. சாயங்காலத்துக்குள்ள மீட்டுத் தரட்டும், இல்லேன்னா வீட்டுக்குப் போகட்டும்.”

மங்களேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லினக்ஸ் விஷயத்தை எடுத்துச் சொன்னால் சாக்கு என்பார்கள். மௌஸைப் பிடித்தாள்.

“காலிதானே சார்? அது கேக்குற மாதிரியே ஃபார்மேட் பண்ணிடறேன். அடுத்த கல்யாணத்துக்காவது ஆகும்.”

அம்புக்குறி பொத்தானை நெருங்கியது. துரைப்பாண்டி பாய்ந்து மௌஸைப் பிடுங்கினார்.

“ஏய், உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்.”

முதலாளி மெல்லத் திரும்பினார். “காலி டிஸ்க்ல என்னய்யா போயிடும்?”

மங்களேஸ்வரி டிஸ்க்கைக் கழற்றி லினக்ஸில் செருகினாள். கெட்டிமேளம் ஸ்டூடியோ முழுக்கக் கேட்டது.

நாற்காலியை மேனேஜர் பக்கம் தள்ளினாள். “சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க சார். இல்லேன்னா என்னன்னு நீங்களே சொல்லிட்டீங்க.”