விராலை மூன்று முறை கூப்பிட்டார்கள்

தாழங்குளத்துக் காட்டில் விலங்குகள் ஒரு கோர்ட்டு வைத்தன. கொலை, வேட்டை போன்ற பெரிய விவகாரங்கள் மலைமேல் இருக்கும் புலியிடம் போகும். யார் வழியை யார் மறித்தார்கள், யார் வளைக்குள் யார் புகுந்தார்கள் என்பது போன்ற சில்லறை வழக்குகளுக்குத்தான் இந்தக் கோர்ட்டு.

நல்ல எண்ணத்தோடுதான் வைத்தன. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யாரையும் தின்னாத ஒருவர்தான் நீதிபதியாக வேண்டும் என்று கிழக் கடமானைத் தேர்ந்தெடுத்தன. எதையும் மறக்காத கீரி குமாஸ்தா ஆனது. காடு முழுக்கக் கேட்கும் குரல் இருந்ததால் மயில், பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி ஆனது. குளத்துக்குப் பக்கத்து மேட்டில், காற்று நன்றாக வீசும் மருத மரத்தடியில் கோர்ட்டு கூடும். அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமிக்கு மறுநாளும் விசாரணை நாள். மற்ற நாட்களில் எவன் குடி முழுகினாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆரம்பத்திலேயே நரி தன் வேலையைக் காட்டியது. முயல்களுக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று கண்ணீர் விட்டு நின்று, முயல் வளைகளையெல்லாம் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டது. பிறகு முயல்கள் குறைந்துகொண்டே வந்தன. கடமானுக்கு அவமானம் தாங்கவில்லை. அன்றே சில சட்டங்கள் போட்டது. பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். எதிராளியும் எதிரே நிற்க வேண்டும். ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மயில் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடும். வழக்குப் போட்டவர் இரண்டு விசாரணைக்கு வராவிட்டால் வழக்கு தள்ளுபடி.

அந்தக் கோடையில் குளத்து விரால் வழக்குப் போட்டது.

தாழங்குளத்தின் கீழ்க்கரையில் கோரை அடர்ந்து வளர்ந்திருந்தது. கோரைக்கிழங்கு என்றால் காட்டுப்பன்றிக்கு உயிர். மூக்கால் கரையைக் கிளறிக் கிளறித் தின்றது. கிளறிய பள்ளம் வழியாகத் தண்ணீர் சரளைக்காட்டுக்குள் கசிந்து ஓடியது. குளம் இறங்குவதை எல்லா விலங்குகளும் பார்த்தன. கோடை என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டன. குளத்துக்குள்ளிருந்து பார்த்த விராலுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. அதற்கு அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்புச் சிவப்பாக ஒரு கொத்துக் குஞ்சுகள். ஆண் விரால் அவற்றைச் சுற்றிச் சுற்றிக் காவல் நின்றது.

கீரி கரைக்கு வந்து புகாரை வாங்கிக்கொண்டது. வாங்குவதற்குக் குறைவில்லை. விசாரணைக்கு மட்டும் நேரில் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

அமாவாசைக்கு மறுநாள் கோர்ட்டு கூடியது. பன்றி முன்னதாகவே வந்து பவ்வியமாக உட்கார்ந்திருந்தது. மூக்கில் ஈர மண் இன்னும் காயவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. மயில் கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது.

"விரால்... விரால்... விரால்..."

பதில் இல்லை. குளத்தில் விரால் விராலாய் இருந்தது. அது வேறு என்ன செய்யும்?

தவளை ஒன்று முன்னால் குதித்து வந்தது. அது விராலின் அண்டை வீட்டுக்காரி.

"கனம் கோர்ட்டாரே, அது வர முடியாதுங்க. அது மீனு. அது சொன்னத நான் சொல்றேன்."

கீரி மூக்கைச் சுளித்தது. கடமான் வருத்தத்தோடுதான் தலையை ஆட்டியது.

"நீ நல்லவதான்மா. ஆனா உனக்காக இன்னைக்குச் சட்டத்த வளைச்சா, நாளைக்கு நரி எல்லாருக்காகவும் வந்து நிக்கும்."

அப்படியென்றால் நீங்களே குளத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேளுங்கள், கூப்பிடு தூரம்தானே என்று தவளை கெஞ்சியது. ஆளைத் தேடிக்கொண்டு கோர்ட்டு நடந்து போனால் அதற்கு என்ன மரியாதை இருக்கும் என்று கீரி கேட்டது. கூடியிருந்தவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாய்தா போட்டார்கள். பன்றி கும்பிட்டுவிட்டுப் போனது, நேராகக் கரைக்கு.

பௌர்ணமி வருவதற்குள் குளம் பாதியாகிவிட்டது. குஞ்சுகள் நீந்த இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. விரால் தவளையிடம் சொன்னது:

"நான் போறேன். ஈரத்துல ஊர்ந்தா கொஞ்ச நேரம் உசுரு நிக்கும். போயிட்டு வந்துடுவேன்."

விராலால் தரையில் ஊர முடியும் என்பது உண்மை. ஆனால் மழைநாளில், சேற்றில். அந்த மேடோ கோடையில் வறுத்த சட்டி மாதிரி கிடந்தது. தவளை முன்னால் போய்ப் போய் உடம்பு ஈரத்தை வழியெல்லாம் தேய்த்தது. ஒரு தவளையின் ஈரம் எவ்வளவு இருக்கும்? விரால் விலாவால் உந்தி உந்தி ஏறியது. செதில்கள் உரிந்து வழியில் ஒட்டிக்கொண்டன. அது மருத மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் விலகி வழி விட்டது.

மயில் கூப்பிட்டது. இந்த முறை மூன்றாவது தடவைக்கு வேலை இல்லை.

"வந்துட்டேன் சாமி," என்றது விரால்.

கடமானுக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. சட்டம் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நினைத்தது. எதிராளியைக் கூப்பிடச் சொன்னது. மயில் கூப்பிட்டது.

"காட்டுப்பன்றி... காட்டுப்பன்றி... காட்டுப்பன்றி..."

விரால் மேடேறுவதைப் பார்த்துவிட்ட பன்றி வரவில்லை. அதற்குப் படிப்பு இல்லாவிட்டாலும் இந்தக் கோர்ட்டை நன்றாகப் படித்து வைத்திருந்தது.

"சாமி, பன்னி இப்பவும் கரையத்தான் தோண்டிக்கிட்டிருக்கு," என்றது விரால். குரல் காய்ந்திருந்தது. "இங்கேருந்து எட்டிப் பாத்தாலே தெரியும். புள்ளைங்க கெடக்குதுங்க சாமி."

கடமான் பதறிப்போய் இரண்டு காதுகளையும் பின்னால் மடக்கிக்கொண்டது. தலையையும் குளத்துப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டது. எதிராளி இல்லாதபோது கேட்பதும் தப்பு, பார்ப்பதும் தப்பு. அவ்வளவு நேர்மை!

"அடுத்த அமாவாசைக்கு மறுநாள் வாம்மா," என்றது மெதுவாக.

விரால் திரும்பி இறங்கியது. பாதி வழி வரைக்கும் ஊர்ந்தது. அதற்குமேல் தவளைதான் அதை இழுத்துப் பார்த்தது, தன் உடம்பைத் தேய்த்துப் பார்த்தது, கத்திப் பார்த்தது. எறும்புகள் வரத் தொடங்கிய பிறகுதான் விட்டுவிட்டுப் போனது.

அமாவாசைக்கு மறுநாள் பன்றி வந்து உட்கார்ந்திருந்தது. மயில் மூன்று முறை கூப்பிட்டது. தவளை அன்று வரவே இல்லை. காட்டைவிட்டே போய்விட்டது என்று பேச்சு. வழக்குப் போட்டவர் இரண்டாம் முறையும் வராததால் வழக்கு தள்ளுபடி ஆனது. தாழங்குளத்துக் கோர்ட்டில் இப்போது ஒரு வழக்குகூட நிலுவையில் இல்லை என்று கீரி பெருமையோடு அறிவித்தது. எல்லோரும் காலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

பேசிப் பேசிக் கடமானுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் குடிக்க இறங்கியது. வழியில் ஒரு மீன்முள் வரிசை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. போய் நின்ற இடத்தில் குளம் இல்லை. வெடித்த சேறு இருந்தது. சேற்றின் நடுவில் காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி சிவப்பாக என்னவோ ஒட்டிக்கிடந்தது. பக்கத்திலேயே ஒரு பெரிய ஆண் விரால், கடைசிவரை வளைந்து காவல் காத்தபடியே காய்ந்திருந்தது.

கீழ்க்கரையில் பன்றியின் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. மருத மரத்தடியிலிருந்து தலையைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

கடமான் நெடுநேரம் அங்கேயே நின்றது. அழுதது. அழுது என்ன செய்ய?

இனி அந்தக் காட்டில் தண்ணீர் கிடைக்கும் இடம் ஒன்றுதான் மிச்சம். மலைமேல் புலி படுத்திருக்கும் ஓடை. பன்றியும் கீரியும் மயிலும் கடமானும் எல்லோரோடும் சேர்ந்து அங்கே நடந்தார்கள். வயதான கடமான்தான் கடைசியில், காலை இழுத்துக்கொண்டு வந்தது.

புலி அதைப் பார்த்து எழுந்தது. அங்கே யாரும் பேர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவதில்லை.

நீதி: வர முடிந்தவருக்கு மட்டுமே காது கொடுக்கும் நீதிமன்றம், எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அநியாயத்துக்குத்தான் காவல் நிற்கிறது.