கழுகுப்பாறை முடிச்சு

மாசாணம் ஒரு பிடி பச்சைப் புல்லோடு சாமியார் முன்னால் வந்து நின்றார். வெயிலில் அலைந்து பறித்த புல். தொண்டை வறண்டிருந்தது.

வயதில் சாமியார்தான் இளையவர். மாசாணம் மலையைவிட்டு இறங்கி இந்தக் குடிலில் சீடராய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவர் இறங்கினாரே தவிர, அவர் கோபம் இறங்கவில்லை.

"எங்கே கிளம்பிட்டீங்க, பெரியவரே?"

"கழுகுப்பாறைக்கு, சாமி. போன வருஷ முடிச்சு காய்ஞ்சிருக்கும்."

மாசாணத்தின் மலையில் அப்படி ஒரு வழக்கம். தேன்கூட்டைக் கண்டவன் பக்கத்துச் செடியில் புல்லை முடிந்துவிட்டால் போதும். வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். கட்டியவனே வந்து அவிழ்க்க வேண்டும்.

கழுகுப்பாறையில் புல்லை முடிந்தவர் மாசாணம். "நீ கட்டுறதுக்கு முந்தியே நான் பார்த்துட்டேன்" என்று சண்டைக்கு வந்தவன் அவர் மச்சான் சடையன். பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பது மச்சான்தான். மற்றவனை நம்பி எவனும் உயிரைத் தொங்கவிட மாட்டான். சடையன் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டான். அன்றைக்கு மலையிறங்கிய மாசாணம், வைகாசி தவறாமல் போய் முடிச்சை மட்டும் புதுப்பித்துவிட்டு வருகிறார்.

"சடையன் ஆள் அனுப்பியிருந்தானாமே?"

"ஆமா. 'வாங்க மாமா, கயிறு நான் பிடிக்கிறேன். இல்லேன்னா முடிச்சையாவது அவிழ்த்துவிடுங்க. இந்த வருஷம் போனா என் முழங்காலும் ஏறாது'ன்னு சொல்லிவிட்டிருக்கான். பதினோரு வருஷம் கழிச்சு வாய் திறக்குது துரைக்கு!"

"நீங்க என்ன சொல்லிவிட்டீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. பார்த்தவனுக்குச் சொந்தமா, கட்டினவனுக்குச் சொந்தமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. அதைக் கேட்டுட்டுப் போறேன்."

சாமியார் எழுந்தார். மாசாணத்தின் கையிலிருந்து ஒரு புல்லை உருவி, தண்ணீர்ப் பானையின் கழுத்தில் சுற்றி முடிந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

பானைக்கு நீண்ட மாசாணத்தின் கை பாதியில் நின்றது. குடிலில் வேறு தண்ணீர் இல்லை. அவர் பிறந்த மலையில் முடிச்சைத் தாண்டிய கை கிடையாது.

வெயில் உச்சிக்கு ஏறியது.

"நீங்களாவது குடிங்க, சாமி."

"எனக்குத் தாகமில்லை."

"அப்போ அவிழ்த்துவிடுங்களேன்."

"ஏன்? நான் கட்டினது. எனக்குத்தானே சொந்தம்?"

"சொந்தந்தான். யாரு இல்லேன்னா? தானும் குடிக்காம, தவிக்கிறவனையும் விடாம..."

மாசாணம் பாதியில் நிறுத்திக்கொண்டார். மலையிலிருந்து காற்று இறங்கிவந்தது. வைகாசிக் காற்றில் வேங்கைப்பூ வாசமும் தேன் வாசமும் கலந்து வரும். ஒவ்வொரு வருஷமும் அதை மூச்சுமுட்ட இழுத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்திருப்பார். இன்றும் பார்த்தார்.

"அந்தப் பாறைத்தேன் என்ன ருசி, பெரியவரே?"

மாசாணம் கையிலிருந்த புல்லைப் புரட்டினார்.

"தெரியாது, சாமி" என்றார் கடைசியில்.

சாமியார் பானையருகே போய் முடிச்சை அவிழ்த்தார். குவளை நிறைய மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"குடிங்க. நான் கட்டினதை நான் அவிழ்த்துட்டேன்."