ஐந்தாவது சுற்று

“வாத்தியாரே, அளவைச் சொல்லிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?”

கேட்டவர் கோதண்டம். வயது ஐம்பத்தெட்டு. கையில் ஒரு ரைஃபிள்.

“எனக்கு ஒண்ணும் குறையாது. உங்களுக்குத்தான் ஒண்ணும் கூடாது,” என்றார் துப்பாக்கிப் பட்டறை யூசுப். அவருக்கு நாற்பத்தொன்று.

பம்பு கம்பெனியில் ஓய்வு பெற்ற மறுமாதமே கோதண்டம் இந்தப் பட்டறைக்கு வந்து, தொழில் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். அன்றிலிருந்து சின்னவர் வாத்தியார், பெரியவர் சீடர். வாத்தியார் சீடரை ‘அண்ணே’ என்பார். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

ரைஃபிள் குழலின் முனையில், வெளிப்புறம், விரல் அகலத்துக்கு மரை வெட்டியிருந்தது. அந்த மரையில் கனத்த இரும்பு வளையம் ஒன்றைத் திருகிவைக்க வேண்டும். முனையில் கனம் இருந்தால்தான் குறி பார்க்கும்போது குழல் ஆடாது. பழைய வளையம் ரயிலில் தொலைந்துவிட்டது. துப்பாக்கி வெளிநாட்டுச் சரக்கு. என்ன மரை என்று கேட்க ஆளில்லை.

துப்பாக்கிக்காரி ரெஜினா வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சென்னையில் துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வுப் போட்டி. கிளப் வேன் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பும். அவளுக்கு முப்பத்தாறு வயது. இந்தத் தடவை தவறினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள் என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

புது வளையம் தயார். நடுவில் துளையும் போட்டாயிற்று. உள்மரை வெட்டுவதுதான் பாக்கி. அந்தக் கனத்துக்குப் பட்டறையில் வேறு இரும்பு இல்லை.

“நீங்க என்ன அளவு சொல்றீங்களோ, அதை வெட்டுறேன்,” என்று கோதண்டத்திடம் காலையிலேயே சொல்லிவிட்டார் யூசுப்.

“தப்பாச் சொன்னா?”

“தப்பா வெட்டுவேன்.”

“பாய், இது என் துப்பாக்கி,” என்றாள் ரெஜினா.

“தெரியும்மா. அதனாலதான் அண்ணன் நிதானமாப் பாக்கறார்.”

“நிதானம் காலையிலயே ஆரம்பிச்சுட்டுதுங்க.”

கோதண்டம் வெர்னியர் அளவுகோலை எடுத்தார். மரையின் குறுக்களவு பதினைந்து புள்ளி எட்டு இரண்டு மில்லி. மூன்று தடவை அளந்தார். மூன்றும் ஒன்றே.

“பதினாறு மில்லி மரைக்கும் இது சரி. அங்குலக் கணக்குல அஞ்சு நூல், அதாவது எட்டுல அஞ்சு பங்கு அங்குல மரைக்கும் இது சரி. வெட்டின மரை எப்பவும் பேருக்குச் சொல்ற அளவுக்கு ஒரு இம்மி குறைஞ்சுதான் நிக்கும். ரெண்டுல எது வாத்தியாரே?”

“என்னை ஏன் கேக்கறீங்க? அது உங்க கையிலதானே இருக்கு, அதைக் கேளுங்க.”

கோதண்டம் பல்லைக் கடித்தார்.

மரைப்பல் பார்க்கும் தகடுகளைப் பிரித்தார். சீப்பு மாதிரிப் பல் வைத்த தகடுகள். ஒரு மில்லிக்கு ஒரு பல் உள்ள தகட்டின் நுனியை மரையில் வைத்தார். உட்கார்ந்தது. அங்குலத்துக்கு இருபத்துநாலு பல் உள்ள தகட்டின் நுனியை வைத்தார். அதுவும் உட்கார்ந்தது. பம்பு வேலையில் மரை குட்டையாக இருக்கும். மூன்று பல் உட்கார்ந்தால் போதும் என்பது அவர் முப்பது வருடப் பழக்கம்.

மாதிரி நட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார். பதினாறு மில்லி மாதிரியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். அஞ்சு நூல் மாதிரி இருந்தது. எடுத்துத் திருகினார்.

வழுக்கிக்கொண்டு ஏறிற்று. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலு.

“கிடைச்சுடுச்சு. அஞ்சு நூல்தான்.”

ரெஜினா எழுந்தே விட்டாள்.

யூசுப் டீ குடித்துக்கொண்டிருந்தார். “முழுசா ஏறிடுச்சா?”

“நாலு சுத்து தானா ஏறிச்சு. அஞ்சாவதுல பிடிக்குது. குழல்ல எங்கயோ பிசிறு இருக்கு. எண்ணெய் விட்டு ஸ்பேனர் போட்டா போயிடும்.”

“ஸ்பேனர் போட்டா எதுதாண்ணே போகாது? குழலே போயிடும்.”

ரெஜினா மறுபடி உட்கார்ந்தாள்.

“தப்பு எந்தச் சுத்துல?” என்று கேட்டார் யூசுப்.

“அஞ்சாவதுல.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

கோதண்டம் நட்டைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் பிரஷை முக்கி மரையைத் தேய்த்தார். பூதக்கண்ணாடி வைத்து ஐந்தாவது பல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிசிறு இல்லை. கீறல் இல்லை. துரு இல்லை. நாலாவது பல் எப்படியோ அப்படியேதான் ஐந்தாவதும். திரும்பவும் நட்டைத் திருகினார்.

ஐந்தாவதில் பிடித்தது.

“பாய், மணி நாலு.”

“அண்ணன்கிட்டச் சொல்லும்மா.”

“அண்ணா, மணி நாலு. ரெண்டு பேருமாச் சேர்ந்து இன்னைக்கு எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துடுவீங்கபோல இருக்கு.”

கோதண்டம் நட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது.

“வாத்தியாரே, நாலு சுத்து வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அஞ்சாவது பல்லும் சுத்தமா இருக்கு. ஆனா அங்கதான் நிக்குது. நான் இன்னும் எதைப் பாக்கறது?”

“அப்ப அஞ்சு நூல்னே வெட்டிடட்டுமா?”

கோதண்டம் நட்டைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே. கடைசல் மெஷினை ஓட்டவா?”

“அங்குலப் பல்லுக்கும் மில்லிப் பல்லுக்கும் அப்படி என்னதாங்க வித்தியாசம்? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க. முப்பது வருஷம் பம்பு பண்ணேன். எந்த மேஸ்திரியும் என்னை இப்படி அலைய விட்டதில்லை. எனக்கு மரை கழண்டுடுச்சுன்னு நினைச்சுட்டீங்களா?”

யூசுப் எழுந்தார். அருகில் வந்தார். கோதண்டத்தின் தலையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கினார். மேஜைமேல் இருந்த வெள்ளைத் தாளில் அதை நேராக வைத்தார்.

“தொழுதுட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“என்னண்ணா, இது பட்டறையா சலூனா?” என்றாள் ரெஜினா.

“பாத்தீங்களாம்மா? பதினேழு வயசு சின்னவர். ஒரு கேள்வி கேட்டேன். பதிலுக்கு இந்த...” பெண்பிள்ளை எதிரில் சொல்லக்கூடாத சொல் என்பதால் மீதியை விழுங்கினார்.

“கேட்டதுக்குத்தான் ஏதோ சொல்லிட்டுப் போறாரோ என்னவோ.”

“கிழிச்சார்.”

தாளை உதறிவிடக் கை நீட்டினார். உதறவில்லை. மேஜைமேல் எது கிடந்தாலும் அதை அளக்காமல் விட அவர் கைக்குத் தெரியாது. மைக்ரோமீட்டரை எடுத்து முடியை இடையில் வைத்து மெதுவாகத் திருகினார்.

ஆறாவது கோடு. ஒரு மில்லியை நூறாகப் பங்கு போட்டால் அதில் ஆறு.

இன்னொரு தடவை அளந்தார். ஆறுதான்.

பென்சிலை எடுத்தார். ஓர் அங்குலம் இருபத்தைந்து புள்ளி நாலு மில்லி. அதை இருபத்துநாலு பல்லுக்குப் பங்கு போட்டார். ஒரு பல்லுக்கு ஒரு மில்லி வந்தது. அதற்குமேல் மிச்சமும் வந்தது. நூறில் ஆறு. ஆறுக்கு ஒரு துளி குறைவு.

பென்சிலை வைத்தார். முடியைப் பார்த்தார்.

இரண்டு தகடுகளையும் முழு நீளத்துக்கு ஒட்டவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் பல்லோடு முதல் பல் பொருந்தியிருந்தது. இரண்டாவது பொருந்தியது போலத் தெரிந்தது. மூன்றாவதும் அப்படியே. ஒன்பதாவதில், பல்லுக்கு ஒரு முடி வீதம் பிசகு சேர்ந்துகொண்டே வந்து, ஒன்றின் மேடு நின்ற இடத்தில் மற்றதன் பள்ளம் இருந்தது.

“அண்ணா?” என்றாள் ரெஜினா.

அவர் காதில் விழவில்லை.

அங்குலத் தகட்டைக் குழல்மேல் நுனியிலிருந்து அடிவரை கிடத்தினார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. அதை எடுத்துவிட்டு மில்லித் தகட்டைக் கிடத்தினார். துளி வெளிச்சம் இல்லை.

யூசுப் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கடைசல் முன் நின்றார்.

“சொல்லுங்கண்ணே.”

“பதினாறு மில்லி. ஒரு மில்லிக்கு ஒரு பல்.”

“உறுதியா?”

“வெட்டுங்க.”

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசல் ஓடியது. இரும்புச் சுருள் காலடியில் விழுந்து புகைந்தது.

வளையத்தைத் துடைத்து யூசுப் அவளிடமே கொடுத்தார். அவள் இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். நாலாவது சுற்றில் மூச்சைப் பிடித்தாள். ஐந்து. ஆறு. ஏழு. அடிவரை போய் வளையம் தானாக உட்கார்ந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து எதிர்ச் சுவர்ப் பல்லியைக் குறி பார்த்தாள். குழல் ஆடவில்லை.

“பாய், கணக்கு வந்து பேசிக்கறேன். அண்ணா, உங்க தலையில இன்னும் நாலு முடி மிச்சம் இருக்கு, பத்திரம்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினாள்.

யூசுப் கடைசலைத் துடைக்க ஆரம்பித்தார். கோதண்டம் அஞ்சு நூல் நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வாத்தியாரே.”

“ம்.”

“அஞ்சாவது சுத்து ஒரு தப்பும் பண்ணலை.”