ஆமென் சொல்ல ஆள் தேடினவ

ஏட்டி பியூலா, காலை நீட்டிப் படு. போர்வையை வாயில வைக்காத, எச்சியாக்கிருவ. அத்தைக்கு இன்னைக்கு இடுப்பு விட்டுப் போச்சு, அதனால ஒரே ஒரு கதைதான். நடுவுல "ஏன் அத்தை, எதுக்கு அத்தை"ன்னு கேட்டேன்னா அப்படியே நிறுத்திட்டுத் திரும்பிப் படுத்துருவேன். "ம்" மட்டும் கொட்டு. சரியா?

ஒரு ஊர்ல இயேசு சாமியைக் கும்பிடுத வேதக்காரி ஒரே ஒருத்தி இருந்தா. ஒரே ஒருத்திதான். பேரு ஞானப்பூ. முன்ன அந்த ஊர்ல பத்துப் பன்னெண்டு வேதக்கார வீடு இருந்துச்சு, சின்னதா ஒரு கோயிலும் இருந்துச்சு. ஒவ்வொரு குடும்பமா பிழைப்புக்கு டவுனுக்குப் போயிட்டாவ. கோயில் கூரையும் ஒரு மழையில விழுந்துருச்சு. மிச்சம் இருந்தது ஞானப்பூவும் அவ வீட்டுக்காரர் மாசிலாமணியும்தான். ரெண்டு பேரும் பீடி சுத்திப் பிழைச்சாவ.

சாயங்காலம் விளக்கு வச்ச உடனே பாயை விரிச்சு முழங்கால் போடுவாவ. ஞானப்பூதான் ஜெபம் பண்ணுவா. மாசிலாமணி என்ன செய்வாரு? தூங்குவாரு! முழங்கால்ல நின்னபடியே தலை இப்படி ஆடும், அப்படி ஆடும். ஆனா அவ "எங்கள் நல்ல பிதாவே"ன்னு முடிச்சா போதும், எங்கேருந்துதான் முழிப்பு வருமோ, "ஆமேஏஏன்!"னு ஒரு சத்தம். சுவத்துல இருக்க பல்லி தொப்புன்னு கீழ விழும். சிரிக்காத, தூக்கம் கலைஞ்சுரும்.

அப்புறம் ஒரு நாள் மாசிலாமணி செத்துப் போயிட்டாரு.

ம். வருத்தமாத்தான் இருக்கு. என்ன செய்ய.

அடக்கம் முடிஞ்சு, வந்த சனமெல்லாம் பஸ் ஏறிப் போயிருச்சு. டவுன்ல கட்டிக் குடுத்த மக ரெஜினாவும் நாலு நாள் இருந்துட்டுப் போயிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் ஞானப்பூ தனியா முழங்கால் போட்டா. பெருசா ஒண்ணும் கேக்கல. "ஆண்டவரே, என்னைத் தனியா விட்டுறாதேயும். இயேசு சாமி நாமத்துல கேக்கேன், எங்கள் நல்ல பிதாவே" அப்படின்னா. சொல்லிட்டு நிறுத்துனா. காத்துக்கிட்டே இருந்தா. ஒரு சத்தமும் இல்ல.

அப்போ அவளுக்கு அம்மா சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. "ஜெபம் பண்ணுதவ ஒருத்தி, ஆமென் சொல்லுதவ இன்னொருத்தி. நம்ம ஜெபத்துக்கு நாமளே ஆமென் சொல்லப்படாது, அது நம்ம முதுகை நாமளே தட்டிக்கிட்ட மாதிரி" அப்படின்னு. அப்போ ஆமென் இல்லாத ஜெபம் என்ன ஆகும்? மேல போகாது, கூரைக்குக் கீழயே சுத்திக்கிட்டுக் கிடக்கும். இது யாரு சொன்னா? ஒருத்தரும் சொல்லல, அவளா நினைச்சுக்கிட்டா. தனியா இருந்தா இப்படித்தான், கண்டதும் தோணும். எனக்குத் தெரியும்.

சரி, ஆமென் சொல்ல ஒரு ஆளைத் தேடுவோம்னு கிளம்புனா.

முதல்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எந்திரிச்சா. ஆத்துக்கு அந்தாண்ட ஒரு கோயில் உண்டு. வெள்ளைச் சேலையைக் கட்டிக்கிட்டு, பைபிளை மாரோட அணைச்சுக்கிட்டு, சரக்கு சரக்குன்னு ஆத்து மணல்ல நடந்தா, நடந்தா, நடந்துக்கிட்டே இருந்தா. போய்ப் பாத்தா கோயில் பூட்டிக் கிடக்கு! அந்தப் பாதிரி ஐயருக்கு ஆறு ஊரு, அன்னைக்கு வேற ஊர்ல ஆராதனை. பூட்டைப் பிடிச்சு கடக் கடக்குன்னு ஆட்டிப் பாத்தா. அப்புறம் படியிலயே முழங்கால் போட்டு, "என்னைத் தனியா விட்டுறாதேயும், எங்கள் நல்ல பிதாவே"ன்னா. மேல ஒரு புறா "குக்குக்கூ"ன்னுச்சு. அது ஆமென்னா? இல்லல்லா. வந்த வழியே திரும்பிட்டா.

ம் கொட்டு. தூங்கிட்டியோன்னு நினைச்சேன்.

அப்புறம் ரெண்டாவதா என்ன செஞ்சான்னா, வீட்டுல ஒரு வெள்ளாடு உண்டு, அதைப் பிடிச்சுட்டு வந்துட்டா. அவ கணக்கு என்னன்னா, ஆடு "மே"ன்னுதான கத்தும்? "ஆ"வை மட்டும் நாம சேத்துக்கிட்டா கிட்டத்தட்ட வந்துருச்சுல்லா? பாவம், அவளுக்கு அவ்வளவு கஷ்டம். ஆட்டைப் பக்கத்துல நிறுத்தி, நல்லா உருக்கமா ஜெபம் பண்ணி, "எங்கள் நல்ல பிதாவே... ஆ..."ன்னு இழுத்தா. ஆடு வாயைத் திறக்கணும்ல? மொறுக் மொறுக். ஒத்தக் கண்ணைத் திறந்து பாத்தா, அவ சேலை முந்தியைத் தின்னுக்கிட்டு இருக்கு! அடிச்சுப் பத்தி வெளிய விட்டு, அடுப்புல சோத்துக்கு உலை வைக்கா, அப்போ கத்துது சனியன், "மேஏஏ!"ன்னு. ஞானப்பூவுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. தனியா நின்னு சிரிச்சா. அப்புறம், இதைச் சொல்லிச் சிரிக்க ஆளு இல்லையேன்னு அழுகை வந்துருச்சு. அழுதா.

மூணாவதா, மக வீட்டுக்குப் பஸ் ஏறுனா. அங்க ஆளுக்கு என்ன குறைச்சல்? மக, மருமகன், பேரப்பிள்ளையள் மூணு. சாயங்காலம் எல்லாரையும் உக்கார வச்சு ஜெபத்தை ஆரம்பிச்சா. மருமகன் போனைத் தடவுதான். பிள்ளையள் ஒண்ணை ஒண்ணு கிள்ளுது. ரெஜினா காதுக்குள்ள வந்து, "அம்மா, கொஞ்சம் சுருக்கா முடிங்க, தோசை ஆறுது"ன்னா. ஞானப்பூ "ஆண்டவரே, என்னைத் தனியா..."ன்னு சொல்லுதா, அதுக்குள்ள அஞ்சு பேரும் "ஆமென்!"னு எந்திரிச்சுட்டாவ.

கேட்டியா? தனியா, ஆமென்! என்ன கேக்காளோ அதைக் கேக்கதுக்கு முன்னாலயே முடிச்சுட்டாவ. தோசை நல்லாத்தான் இருந்துச்சு. அவதான் பாதியிலயே வச்சுட்டு எந்திரிச்சுட்டா. மறுநாளே ஊருக்கு வந்துட்டா.

வந்தவ பைபிளை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சு, டொம்முன்னு மூடிட்டா. "இனி ஜெபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல காது குடுத்துக் கேக்க ஆளு இருந்தா பதில் வந்திருக்கும்லா"ன்னா. விளக்கு வைப்பா, முறத்தை மடியில வச்சு சரக் சரக்குன்னு பீடி இலையை வெட்டுவா, சோத்தைப் பிசைவா, படுப்பா. ஒரு நாள் ஆச்சு. ரெண்டு நாள் ஆச்சு. மூணு நாளும் ஆயிருச்சு. அந்த மூணு நாளும் வீடு இருந்த இருப்பு, மாசிலாமணி செத்த அன்னைக்குக் கூட அப்படி இல்ல. அப்பல்லாம் பேசதுக்காவது மேல ஒருத்தர் இருந்தாரு. இப்போ அதுவும் இல்ல.

நாலாம் நாள் பொழுது சாய்ஞ்ச நேரம், கதவை யாரோ டக் டக்குன்னு தட்டுதாவ. பக்கத்து வீட்டு இசக்கி. அவ வேதக்காரி இல்ல. தோள்ல கைப்பிள்ளை, அனலா கொதிக்கு. அவ புருசன் எங்கேயோ லாரியில போயிருக்கான், ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

"பெரியம்மா, தெனமும் சாயங்காலம் உங்க வீட்டுலேருந்து ஒரு சத்தம் கேக்குமே, அதை எம் பிள்ளைக்கும் ஒரு தடவை சொல்லுங்க"ன்னா.

"நான் அதை விட்டுட்டேன் இசக்கி. அது போய்ச் சேர மாட்டேங்கு."

"அது எனக்குத் தெரியாது பெரியம்மா. மூணு நாளா அந்தச் சத்தம் இல்லாம எனக்கு வீட்டுல இருப்பே கொள்ளல. சொல்லுங்க."

பிள்ளை முனங்குது. ஞானப்பூ என்ன செய்வா? பாயைக் கூட விரிக்கல, வெறுந்தரையில முழங்கால் போட்டா. பிள்ளை தலையில கையை வச்சு, "ஆண்டவரே, இந்தப் பச்சை மண்ணுக்குச் சுகம் குடும்"னு கேட்டா. அழுதுக்கிட்டே கேட்டா. அதோட நிறுத்தி இருக்கலாம். ஆனா வாய் பழகிப் போச்சுல்லா, அதுவும் கூடவே வந்துருச்சு. "என்னையும் தனியா விட்டுறாதேயும், எங்கள் நல்ல பிதாவே"ன்னு முடிச்சா.

முடிச்சவ கண்ணைத் திறக்காம அப்படியே முழங்கால்ல நின்னா.

இசக்கிக்கு ஆமென் தெரியுமா, கீமென் தெரியுமா? பெரியம்மா எதுக்கோ காத்துக்கிட்டு இருக்காவன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. அப்புறம் மெதுவா, "ஆமா"ன்னா. "ஆமா பெரியம்மா. விட மாட்டாரு."

"அது ஆமா இல்லட்டி, ஆமென்"னு திருத்தத்தான் ஞானப்பூ வாயைத் திறந்தா. திருத்தல. அப்படியே அவ கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் ரெண்டு பேருமா பிள்ளையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுனாவ. பிள்ளைக்கு ஊசி போட்டு, ரெண்டு நாள்ல சரியாயிருச்சு, நீ பயப்படாத.

அதுக்கு அப்புறம் இசக்கி தெனமும் வந்தாளான்னு கேக்கப் போற. வரல. அவளுக்கு ஆயிரம் வேலை. வந்த அன்னைக்கு "ஆமா" சொல்லுவா. வராத அன்னைக்கு ஞானப்பூ முழங்கால்ல நிப்பா, முடிப்பா, கொஞ்ச நேரம் கதவைப் பாத்துக்கிட்டு இருப்பா. தெருவுல யாரும் வர மாட்டாவ. வீட்டுலயும் யாரும் இல்ல. அப்புறம் அவளே தலையை ஆட்டி, சத்தமா, "ஆமா, விட மாட்டாரு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுச் சோறு வைக்கப் போயிருவா.

கதை அந்தால, தூக்கம் இந்தால. கண்ணை மூடு.