கூடப் போன வள்ளம்

டாங்... டாங்... நான் பாவாடை கட்டின வயசுல கேட்ட சத்தம், மக்களே. காதை விட்டு இன்னும் போகல. ம் கொட்டு, பாட்டி கதை சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு மணி இருந்துது. கடலோரத்து மாதா கோயில் மணி. மழையோ மூட்டமோ வந்து கரை மறைஞ்சுட்டா அந்த மணியை அடிக்கணும். சத்தம் வர்ற பக்கந்தான் கரைன்னு கடல்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். கடைசி வள்ளம் மணல்ல ஏறுற வரைக்கும் கயித்தை விடக்கூடாது. அது அந்த ஊர் முறை.

மணி அடிக்கிறவ பேரு கித்தேரி. ஒரு நாள் மூணு வள்ளம் கடலுக்குப் போச்சு. முதல் வள்ளத்துல பக்கத்து வீட்டுக்காரங்க. ரெண்டாவதுல அவ புருஷன் சூசை. மூணாவதுல அவ தம்பி மரியான். அவனுக்கு அப்போதான் பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க. "அக்கா, மணியை நிறுத்திராத. அப்புறம் நான் கொழும்புல போய் ஏறி, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிடுவேன்"னு கேலி பண்ணிட்டுப் போனான்.

ம்.

அப்புறம் மத்தியானத்துக்கு மேல மழையோட கச்சான் காத்து வந்துது. ஹோ... ஹோன்னு. வானம் எது, கடல் எதுன்னு தெரியல. கித்தேரி கயித்தைப் பிடிச்சா. டாங்... டாங்... கை கொப்புளிச்சுது. முதல் வள்ளம் சரக்குன்னு மணல்ல ஏறுச்சு. அவ விடல. டாங்... டாங்... கொப்புளம் உடைஞ்சு கயிறு சிவந்துது. ரெண்டாவது வள்ளம் சரக்குன்னு ஏறுச்சு. சூசை குதிச்சு இறங்கினான்.

அப்போ காத்து நின்னுட்டுது. ஒரே நொடியில. கடல் பாய் விரிச்ச மாதிரி கிடந்துது. கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார் மணல்ல முட்டி போட்டு அழுதார். பைபிள்ல அன்னைக்கு ஆண்டவர் படகுல எழுந்து நின்னு காத்தை அதட்டினாரே, அதே புதுமைதான், அதே அற்புதந்தான் இதுன்னார். ஊரே முட்டி போட்டுது. கித்தேரியும் கயித்தை விட்டுட்டு ஓடிப்போய், புருஷன் தோளைத் தொட்டுப் பார்த்துட்டு, பக்கத்துல முட்டி போட்டா. காத்துதான் அடங்கிட்டே, தம்பி துடுப்புப் போட்டு வந்துருவான்னு நினைச்சா.

காத்து நின்னா மூட்டம் இறங்கும், மக்களே. நீட்டின கை தெரியாத வெள்ளை மூட்டம். ஜெபம் முடிஞ்சு, பாட்டும் முடிஞ்சுது. அப்போ கித்தேரியோட அம்மா மெதுவா கேட்டா: "ஏட்டி, மணியை யாரு அடிக்கா?"

கித்தேரி ஓடினா. டாங், டாங், டாங். விடிய விடிய அடிச்சா. மூணாவது சரக்குன்ற சத்தம் வரல.

ம்... ம் சொல்லு.

அப்புறம் ஒரு நாள் அவ உபதேசியார்கிட்ட போய் காத்தை அதட்டின அந்த வசனத்தை வாசிக்கச் சொன்னா. ஆண்டவர் போன படகுகூட வேற படகுகளும் போச்சுன்னு அதுல ஒரு சின்ன வரி இருக்கு. எல்லாரும் அதைத் தாண்டிப் போயிருவாங்க, காத்து அடங்குற இடத்துக்கு. கித்தேரி தாண்டல.

"அந்தப் படகெல்லாம் கரை சேந்துதா, ஐயா?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். "அதை எழுதல, அம்மா."

காத்து எல்லாப் படகுக்கும் சேர்த்துத்தான் அடங்கியிருக்கும். ஆனா மூட்டத்துல கிடக்கிறவனுக்குக் கரை எந்தப் பக்கம்னு யார் சொல்றது? அதை ஆண்டவர் கரையில நிக்கிறவங்க கையில விட்டுட்டார் போல. எனக்கு அப்படித்தான் தோணுது.

சரி. கதை கரையேறிட்டுது, நீ கண்ணை மூடு.

என்னது? மரியானா?

அவன் துடுப்பு மட்டும் கரையில ஒதுங்குச்சு, மக்களே. அவன் வரல.