பின் இருக்கை

ஆசானிடம் செம்பரிதி கேட்டது ஒரே ஒரு சொல்தான்.

"நாளன்னிக்குக் கரையில கூட்டம். எழுந்து நின்னு தொபியாஸ் பேரைச் சொல்லுங்க. துரோகின்னு ஒரு சொல் சொல்லிட்டு உட்கார்ந்திடுங்க. மிச்சத்தை ஜனங்க பார்த்துக்குவாங்க."

ஆசான் கூடாரத்தின் கயிற்றை முளையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆசான் என்பவர் ஒரு பெண். பெயர் பூரணி. செம்பரிதியைவிடப் பல வயது இளையவர். ஒரு பெண்ணை ஆசான் என்று அழைக்க முதலில் தயங்கியவர்களில் செம்பரிதியும் ஒருவர். பூரணி சிறைக்குப் போய் வந்தும் அதைப் பற்றி எந்த மேடையிலும் வாய் திறக்காதவர் என்று தெரிந்த பிறகு, அவருக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை.

செம்பரிதிக்குப் பெற்றோர் வைத்த பெயர் சுப்பையா. துண்டறிக்கைகளைப் படித்துத்தான் அவர் எழுத்துக் கூட்டக் கற்றார். தனக்கொரு பெயரையும் அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். தலை நரைத்துவிட்டது. குரல் மட்டும் இன்னும் ஒலிபெருக்கி கேட்காது.

அந்த ஏரி பெரியது. கடலையும் அதையும் ஒரு மணல்மேடுதான் பிரிக்கிறது. நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. தண்ணீர் உப்புக் கரிக்கும். மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் நண்பர்கள் நான்கு பேர், இருவர் துடுப்புப் போடும் இரண்டு கயாக் படகுகளில், ஏரி நடுவே உள்ள இந்த மணல் திட்டுக்கு வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஆசான், செம்பரிதி, வேம்பு, தொபியாஸ். கரையில் எந்த வீட்டில் உட்கார்ந்து பேசினாலும் மறுநாள் ஸ்டேஷனில் அது தெரிந்திருக்கும். மோட்டார் படகுக்கோ அனுமதி வாங்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கயாக்கில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனால் உல்லாசப் பயணம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பாதிக்கு மேல் அது உல்லாசப் பயணமும்தான். மீன் சுடுவார்கள், சண்டை போடுவார்கள், வேம்பு எல்லோரையும் கேலி செய்வாள்.

போன ஆண்டு இந்தத் திட்டில் உட்கார்ந்துதான் அந்த முடிவை எடுத்தார்கள். மேற்குக் கரையை வளைத்து வேலி போட்ட கம்பெனி, ஏரியைத் தோண்டுவதற்கு ஒரு கப்பலைக் கொண்டுவந்திருந்தது. விடியற்காலையில் படகுகளைக் குறுக்கே நிறுத்தி அதை மறிப்பது என்று பேச்சு. நான்கு பேரைத் தவிர யாருக்கும் இடமும் நேரமும் சொல்லவில்லை. ஆனால் படகுகள் போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கே போலீஸ் காத்திருந்தது. வேம்புவின் தம்பிக்குக் கை உடைந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. மேடைப் பேச்சுக்குக் கைதட்டிய ஒருவரும் ஜாமீன் கொடுக்க வரவில்லை.

சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. செம்பரிதிக்குத் தெரியும்.

"நான் சொல்லல. அது எனக்கே தெரியும்" என்றார் அவர். "வேம்பு சொல்லியிருக்க மாட்டா, அடி வாங்கினது அவ தம்பி. மிச்சம் யாரு?"

"என்னை எப்படிக் கழிச்சீங்க?" என்றார் ஆசான்.

"உங்களையா? ஆசானைச் சந்தேகப்படுறதா?"

"ஏன், கூடாதா?"

செம்பரிதிக்குக் கோபம் வந்தது. "விளையாடாதீங்க. எத்தனை சங்கத்தை இப்படிப் பறிகொடுத்திருக்கேன் தெரியுமா? எல்லாம் கூட இருந்து தின்னவங்க பண்ணினது. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நேத்துக்கூட ராத்திரிச் சோறு திங்கும்போது என் கண்ணைப் பார்த்து அவன் பேசல."

"குழம்புல முள்ளு இருந்துச்சு" என்றாள் வேம்பு. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "கண்ணைப் பார்த்துக்கிட்டே முள்ளு எடுக்க முடியாது அண்ணே."

"நீ சும்மா இரு. உன் தம்பிக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

வேம்பு உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று மூவருக்கும் தெரியும். ஆசான் அதைச் சொல்லிவிட்டால் ஏரியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் தொபியாஸுக்கு ஒருவர் தண்ணீர் கொடுக்க மாட்டார். அவருடைய வலைக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அவர் மகளுக்குப் பேசி முடித்த இடம் மறுநாளே ஆளனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிடும். செம்பரிதி சொன்னால் இதெல்லாம் நடக்காது. அவர் பலரை அப்படிச் சொல்லியிருக்கிறார். ஆசான் இதுவரை ஒருவரையும் சொன்னதில்லை.

தண்ணீரோரம் கயாக்கைக் கவிழ்த்து மணலைத் தட்டிக்கொண்டிருந்த தொபியாஸ் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் செம்பரிதி. "நாம பேசுறது அவனுக்குத் தெரிஞ்சிருச்சு."

ஆசான் முளையைக் கல்லால் அடித்து முடித்தார்.

"குடிதண்ணி தீரப்போகுது" என்றார். "காலையில வடகரைக் கிணத்துக்குப் போய்க் கொண்டுவரணும். நீங்களும் தொபியும் ஒரே கயாக்கில போயிட்டு வாங்க."

"நான் கேட்டதுக்கு இது பதிலா?"

"நீங்க பின்னால உட்காருங்க. அங்க இருந்தா அவரை நல்லாப் பார்க்கலாம்."

தொபியாஸ் இருக்கும் கயாக்கில் பின் இருக்கை எப்போதும் தொபியாஸுக்குத்தான். ஏரிக்கரையில் பிறந்தவர். பின்னால் இருப்பவரின் காலடியில் இரண்டு மிதிகள் உண்டு. இடது மிதியை அழுத்தினால் சுக்கான் படகை இடப்பக்கம் திருப்பும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடலாம், அவ்வளவுதான். செம்பரிதிக்கும் மிதிகள் பழக்கம்தான். இருந்தாலும் தொபியாஸ் தன் இடத்தை விட்டுக்கொடுக்க ஏதாவது முனகுவார் என்று காலையில் காத்திருந்தார். தொபியாஸ் காலி கேன்களை நடுவில் கட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதுவும் செம்பரிதிக்குச் சரியாகப் படவில்லை.

ஏரி மேல் பனி இறங்கியிருந்தது. திட்டைவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் திட்டும் இல்லை, முன்னால் கரையும் இல்லை. தொபியாஸின் முதுகு மட்டும் இருந்தது. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே வெயிலில் கருத்த பிடரி. காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு.

செம்பரிதி அந்தப் பிடரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தொபியாஸ் துடுப்பை மடியில் வைத்துவிட்டு இடது கையை ஜாக்கெட்டுப் பைக்குள் விட்டார். செம்பரிதி இடதுகாலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து எட்டிப் பார்த்தார். கை வெளியே வந்தபோது அதில் ஒரு கடலை மிட்டாய் இருந்தது.

"வேணுமா தோழர்?"

"வேண்டாம்."

மறுபடி துடுப்பு. மறுபடி கை பைக்குள் போனது. இந்த முறை வெகுநேரம் உள்ளேயே இருந்தது. அந்தப் பையில் செல்போனும் இருக்கும் என்று செம்பரிதிக்குத் தெரியும். பொத்தானை அழுத்தினாலே போதும், இருக்கும் இடம் இன்னொருவனுக்குப் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தார். காலை நன்றாக ஊன்றிக்கொண்டு சாய்ந்து பார்த்தார். கை தெரியவில்லை. இன்னும் சாய்ந்தார்.

"என்ன தோழர்" என்றார் தொபியாஸ், திரும்பாமலே. "என் முதுகுல ஏதும் எழுதியிருக்கா? கிளம்பினதுலேர்ந்து படிக்கிறீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க துடுப்பு என் துடுப்புல வந்து வந்து இடிக்குது. முன்னால இருக்கிறவன் போடுற தாளத்துக்குத்தானே பின்னால போடணும்? நீங்க எங்கேயோ இருக்கீங்க."

"எனக்குத் தாளம் சொல்லித் தர்றியா?"

"இல்ல, இடிக்குதுன்னு சொன்னேன்." மிட்டாயை மென்றுகொண்டே சொன்னார். பிறகு கேட்டார்: "கரைக்கூட்டத்துல என்னைப் பத்தி ஏதோ பேசப்போறாங்களாமே?"

செம்பரிதியின் துடுப்பு நின்றது. "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஒரு மாசமா நீங்க என்கிட்ட சண்டை போடல. முன்னெல்லாம் தினம் போடுவீங்க."

குற்றமுள்ளவன்தான் முந்திக்கொண்டு பேசுவான் என்று செம்பரிதி மனதில் குறித்துக்கொண்டார். பேசாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் குறித்திருப்பார்.

பனிக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது.

அடுத்த கணம் எதிரே இரும்புத் தூண்கள் நின்றன. மேலே பலகை, மஞ்சள் விளக்கு, முள்கம்பி. மேற்குக் கரை. கம்பெனியின் படகுத்துறை. காவலாள் ஒருவன் விளிம்பில் வந்து நின்று குனிந்து பார்த்தான்.

"யாருய்யா அது? இங்க வரக் கூடாதுன்னு போர்டு தெரியல?" என்றவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "அட, தொபி அண்ணனா? என்னண்ணே, மீன் விக்கிற நேரத்துல பிளாஸ்டிக் போட்டில சுத்திக்கிட்டிருக்கீங்க?"

"கூட்டாளியோட பிக்னிக் தம்பி. பனியில வழி தவறிடுச்சு."

"சீக்கிரம் போயிடுங்க. மேல கேமரா இருக்கு."

செம்பரிதி தலைக்கு மேலே பார்த்தார். கம்பத்தில் கேமரா அவர் முகத்துக்கு நேராக இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் காவல்துறை நன்றாக அறிந்த முகம். இப்போது கம்பெனிக்கும் கிடைத்துவிட்டது. கூடவே, ஒளிக்க முடியாத ஒரு நிம்மதியும் வந்தது. கடைசியில் கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது.

"வடகரை அந்தப் பக்கம்" என்று தொபியாஸ் துடுப்பால் காட்டினார். "போய்த் தண்ணி எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

"தண்ணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். திட்டுக்குத் திருப்பு."

"நான் எங்க திருப்புறது தோழர்?" என்றார் தொபியாஸ்.

செம்பரிதியின் காதில் அது விழவில்லை. பின்னோக்கித் துடுப்புப் போட்டுப் படகை வெளியே எடுப்பதில் முனைப்பாக இருந்தார்.

திட்டுக்கு வந்து சேர்ந்தபோது பனி விலகி வெயில் ஏறியிருந்தது. படகு மணலில் முட்டியதுமே செம்பரிதி இறங்கி, நனைந்த வேட்டியோடு ஆசானிடம் நடந்தார். தொபியாஸ் தனியாகப் படகை இழுத்து மேலே போட்டார்.

"தண்ணி எங்க?" என்றார் ஆசான்.

"தண்ணியா? முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கண்ணால பார்த்துட்டு வந்திருக்கேன். பனிக்குள்ள என்னைக் கூட்டிக்கிட்டு நேரா எங்க போனான் தெரியுமா? கம்பெனி படகுத்துறைக்கு! அங்க காவல்காரன் இவனை அண்ணேன்னு கூப்பிடுறான். என் மூஞ்சியை கேமராவுல காட்டிக் கொடுத்துட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?"

வேம்பு எழுந்து வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "நிஜமா அண்ணே?"

"நானென்ன கதையா சொல்றேன்? கேளு அவனை."

தொபியாஸ் காலி கேன்களைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "படகுத்துறைக்குப் போனது நிஜம். அந்தப் பையன் என்கிட்ட மீன் வாங்குவான், அதுவும் நிஜம்" என்றார். ஆசானின் முகத்தைப் பார்க்காமல், கேன்களை வரிசையாக நிறுத்துவதிலேயே இருந்தார்.

"ஒத்துக்கிட்டான்!" என்றார் செம்பரிதி.

ஆசான் ஒரு கேனை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். காலி.

"யார் முன்னால உட்கார்ந்தது?" என்றார்.

"அவன்தான்."

"பின்னால?"

"நான். நீங்கதானே உட்காரச் சொன்னீங்க."

"மிதி யார் காலடியில இருந்துச்சு?"

செம்பரிதியின் இடதுகால் மணலில் அழுந்தியிருந்தது. அதைப் பார்த்தார். காலை மெல்லத் தூக்கினார். பிறகு எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் அதே இடத்தில் வைத்தார்.

வேம்பு சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரல் தணிந்து வந்தது. "இன்னிக்கு நான் தப்புப் பண்ணினேன். சரி. ஆனா போன வருஷம் யாரோ சொல்லியிருக்காங்க. தொபி இல்லைன்னு நீங்க உறுதி கொடுப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் ஆசான்.

தொபியாஸ் தலை நிமிர்ந்தார்.

"அப்ப நாளைக்குக் கூட்டத்துல அந்தச் சொல்லைச் சொல்வீங்களா, மாட்டீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஆசானே."

ஆசான் கேனைத் தொபியாஸிடம் நீட்டினார்.

"குடிக்கத் தண்ணி இல்ல. வெயில் தாழ்ந்ததும் மறுபடி ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. இந்தத் தடவை நீங்க முன்னால உட்காருங்க தோழர். திரும்பி வந்தும் அந்தச் சொல் வேணும்னா கேளுங்க. சொல்றேன்."

செம்பரிதியின் கை அவரை அறியாமல் எழுந்து தன் பிடரியைத் தொட்டது.